எச்சரிக்கை: ரோத்தன்பர்கில் ஒரே ரூமுக்கு இரண்டு முறை பணம் போகும் விதம்

ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் இருக்கும் ரோத்தன்பர்க் ஓப் டெர் டௌபர், மதில் சுற்றிய பழைய ஊர். அங்கே இரண்டு இரவு தங்கப் போன ஒரு தமிழ்க் குடும்பம் ஒரே ரூமுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்துவிட்டது. ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு பகுதிதான். ஊரும் நல்ல ஊர், அந்த ஹோட்டல் நடத்துபவர்களும் நல்லவர்கள். கிளம்புவதற்கு முன்பே, போன் திரையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இதே முறையில் இன்னும் பலர் மாட்டலாம் என்பதால் வரிசையாக எழுதுகிறோம்.

முதல் அடி தேடலிலேயே விழுந்தது. ஹோட்டலின் பெயரைத் தட்டினார்கள். மேலே முதலாவதாக வந்தது ஒரு விளம்பரம். திறந்த பக்கத்தில் ஹோட்டலின் பெயர், ஹோட்டலின் படங்கள், இணைய முகவரியிலும் ஹோட்டலின் பெயர். இது இடைத்தரகர் பக்கம் என்று எங்குமே கண்ணில் படவில்லை. "இன்னும் ஒரு ரூம்தான் பாக்கி" என்று சிவப்பு எழுத்து, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். கடைசிப் பக்கத்தில்தான் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை கூடியது. முழுப் பணமும் முன்கூட்டியே, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையோடு எடுக்கப்பட்டது. கார்டு கணக்கில் வந்த பெயர் ஹோட்டலுடையது அல்ல, வேறொரு நாட்டுக் கம்பெனியுடையது.

விசா தள்ளிப்போனதால் தேதியை மாற்ற ஹோட்டலுக்கு போன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரூம் இருக்கிறது, ஆனால் பதிந்தவர் இடைத்தரகர், அவர் சொல்லாமல் நாங்கள் தேதியைத் தொட முடியாது என்றார்கள். ஹோட்டலின் சொந்தப் பக்கத்தில் அதே ரூம் விலை குறைவு, சில நாள் முன்பு வரை ரத்தும் இலவசம். இடைத்தரகரின் உதவி எண்ணில் மணிக்கணக்கில் காத்திருந்து, இன்னொரு கட்டணம் கொடுத்துத்தான் தேதி மாறியது.

இரண்டாவது அடி பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் வந்தது. ஹோட்டலின் படம், சரியான பெயர், சரியான தேதி, சரியான முன்பதிவு எண். "உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. 12 மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பில் உறுதி செய்யாவிட்டால் ரூம் ரத்தாகும். பணம் எடுக்கப்பட்டாலும் உடனே திரும்பிவிடும்." கார்டு எண்ணையும் ஓடிபியையும் போட்டார்கள். இரண்டு இரவுக்கான தொகை அப்படியே போனது.

இந்த இரண்டாவது வகைதான் இப்போது ஐரோப்பா முழுக்க அதிகம் நடக்கிறது. முன்பதிவு எண் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடுகிறோம். எண் எப்படிச் சரியாக வருகிறது? திருடர்கள் முதலில் குறிவைப்பது ஹோட்டலின் ரிசப்ஷன் கம்ப்யூட்டரை. விருந்தினர் அனுப்பியதுபோல ஒரு மெயில் அனுப்பி, அதில் வைரஸைச் சேர்த்துவிடுகிறார்கள். சின்ன ஹோட்டலில் ரிசப்ஷனைப் பார்ப்பவரே காலை உணவையும் கவனிப்பார், அவசரத்தில் திறந்துவிடுவார். முன்பதிவுத் தளத்தில் அந்த ஹோட்டலுக்கு உள்ள கணக்கு திருடர் கைக்குப் போய்விடும். உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. தளத்தின் சொந்த சாட் பெட்டிக்குள்ளேயேகூட இந்தச் செய்தி வரலாம், ஆகவே "தளத்துக்குள் வந்ததுதானே" என்பதையும் நம்பக் கூடாது. அவசரக் கெடு, வெளி இணைப்பு, "சோதனைக்காக எடுத்துத் திருப்பித் தருவோம்" என்ற வாக்கு: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் செய்தியை மூடிவிடுங்கள். ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து கேளுங்கள். எண்ணை அந்தச் செய்தியிலிருந்து எடுக்கக் கூடாது.

எங்கிருந்து எடுப்பது? ஜெர்மனியில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. தொழில் செய்யும் எந்த இணையதளமும் "இம்ப்ரெஸ்ஸும்" என்ற பக்கத்தை வைத்தாக வேண்டும், அது சட்டம். பெரும்பாலும் தளத்தின் அடியில், சின்ன எழுத்தில் இணைப்பு இருக்கும். உரிமையாளர் பெயர், தெரு முகவரி, மெயில், தொலைபேசி எண் அதில் இருக்கும், பல இடங்களில் டிஇ என்று தொடங்கும் வரி எண்ணும் இருக்கும். ரோத்தன்பர்க் ஹோட்டல் என்றால் முகவரியில் 91541 என்ற அஞ்சல் குறியீடும், தரைவழித் தொலைபேசி +49 9861 என்ற தொடக்கமும் இருக்க வேண்டும். ஹோட்டல் பெயரில் ஓடும் தரகர் பக்கத்தில் இம்ப்ரெஸ்ஸும் இருக்காது, இருந்தாலும் முகவரி வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும். இரண்டு நிமிட வேலை இது. பணம் கட்டும் பொத்தானைத் தொடும் முன் இதைப் பார்த்திருந்தால் முதல் அடியே விழுந்திருக்காது.

முகவரியைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் இந்தப் பெயருக்குக் கிட்டத்தட்ட ஒத்த ஊர்கள் பல. ஃபுல்டா ஆற்றங்கரையில் ஒன்று, ப்ரேமனுக்குக் கிழக்கே வும்மே ஆற்றங்கரையில் ஒன்று, நெக்கார் ஆற்றங்கரையில் ஒன்று, போலந்து எல்லையில் ஒன்று. ஓர் எழுத்துதான் வித்தியாசம், போலந்து எல்லை ஊரில் அதுவும் இல்லை. தேடல் பெட்டி தானாகக் காட்டும் முதல் ஊரைத் தொட்டுவிட்டு, பல நூறு கிலோமீட்டர் தள்ளி ரூம் போட்டவர்கள் உண்டு. ஆற்றின் பெயர் டௌபர்தானா என்று பாருங்கள்.

ஊர் சரி என்றாலும் "பழைய நகரத்துக்கு அருகில்" என்ற வரி பெரிய பொய்யாக இருக்கலாம். 91541 என்ற குறியீடு மதிலுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கும் உண்டு. ஹெர்ன்காஸ்ஸே, புர்க்காஸ்ஸே, க்ளிங்கன்காஸ்ஸே, கால்கன்காஸ்ஸே, ரோடர்காஸ்ஸே, ஷ்பிட்டால்காஸ்ஸே, மேல் கீழ் ஷ்மீட்காஸ்ஸே ஆகிய தெருக்கள் மதிலுக்குள். அன்ஸ்பாஹர் ஷ்ட்ராஸ்ஸே, ஷ்வைன்ஸ்டோர்ஃபர் ஷ்ட்ராஸ்ஸே, பான்ஹோஃப் ஷ்ட்ராஸ்ஸே எல்லாம் வெளியே, ரயில் நிலையப் பக்கம். அங்கே தங்குவதில் தவறில்லை. கார் நிறுத்த இடம் கிடைக்கும், விலை குறைவு, ரோடர் வாசலுக்கு நடந்தே போய்விடலாம். மதிலுக்குள் இருக்கும் விலையை அங்கே கொடுப்பதுதான் நஷ்டம். இன்னொரு வலை, டௌபர் பள்ளத்தாக்கிலும் டெட்வாங் பகுதியிலும் உள்ள தங்குமிடங்கள். மேப்பில் கோடு போட்டால் சந்தைச் சதுக்கம் பக்கத்தில்தான் தெரியும். ஊர் மேட்டின் மேல் இருக்கிறது, நீங்கள் ஆற்றோரம் இருப்பீர்கள். வயதான அப்பா அம்மாவோடு தினம் இரண்டு முறை அந்த ஏற்றம் ஏற முடியாது. தூரத்தைப் பார்க்காதீர்கள், நடைவழியின் ஏற்ற அளவைப் பாருங்கள்.

"600 வருடப் பழமையான மரச்சட்ட வீடு" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பதும் உண்டு. 1945 மார்ச் 31 அன்று நடந்த குண்டுவீச்சில் ஊரின் கிழக்குப் பகுதியும் மதிலின் ஒரு பகுதியும் எரிந்து, போருக்குப் பின் பழைய சாயலில் மீண்டும் கட்டப்பட்டவை. கிழக்குப் பக்கத் தெருக்களில் இந்தப் பழமைக்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். உண்மையில் முதியவர்களுக்குத் திரும்பக் கட்டிய வீடுதான் வசதி, லிப்ட் இருக்க வாய்ப்பு அதிகம். மேற்கே, சந்தைச் சதுக்கத்திலிருந்து கோட்டைத் தோட்டம் வரை உள்ள வீடுகள்தான் பெரும்பாலும் தப்பியவை. அங்கே பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தால் லிப்ட் வைப்பது கஷ்டம், ஏசியும் அரிது. மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், உத்திரம் தலையில் இடிக்கும். ஜெர்மனியில் தரைத்தளம் கணக்கில் வராது, "மூன்றாம் தளம்" என்றால் மூன்று மாடி ஏற வேண்டும். 23 கிலோ பெட்டியை அந்தப் படியில் தூக்கிக்கொண்டு போவதை யோசித்துப் பார்த்துவிட்டு, "லிப்ட் உண்டா, எந்தத் தளம்" என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். படத்தில் ரூம் மட்டும்தான் தெரியும், படி தெரியாது.

வந்து சேரும் நேரத்தில் ஏமாறுபவர்களும் நிறைய. பிராங்பர்ட் விமான நிலையத்திலிருந்து வ்யூர்ட்ஸ்பர்க், அங்கிருந்து ஷ்டைனாஹ், அங்கே இறங்கிக் கிளைப்பாதை ரயிலில் கால் மணி நேரம். இணைப்புகள் எல்லாம் கிடைத்தால் ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். கிளைப்பாதையில் வண்டிகள் அடிக்கடி இல்லை, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார வேண்டியதுதான். சின்ன ஹோட்டல்களில் ரிசப்ஷன் இரவு முழுக்கத் திறந்திருக்காது, எட்டு ஒன்பது மணிக்கே பூட்டுபவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாள் என்று மத்தியானமே பூட்டும் இடங்களும் உண்டு. சொல்லாமல் தாமதமானால் "வரவில்லை" என்று பதிந்து முழுத் தொகையையும் எடுத்துவிடுவார்கள். இது மோசடி அல்ல, நிபந்தனையில் எழுதியிருப்பதுதான். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்பே எழுதி, சாவிப் பெட்டியின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரயிலில் நெட் கிடைக்காமல் போகலாம்.

விலையைப் பற்றி. ஜெர்மானியச் சட்டப்படி காட்டும் விலை வரி சேர்ந்த இறுதி விலையாக இருக்க வேண்டும். தங்குவதற்கான 7 சதவீத வரி அதற்குள்ளேயே இருக்கிறது, வாசலில் தனியாக வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பெர்லின் போன்ற ஊர்களில் தங்குமிட வரி உண்டு. பவேரியா 2023-ல் அந்த வரியைத் தன் ஊர்களுக்குத் தடை செய்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட குளியல் ஊர்களிலும் ஆரோக்கியத் தலங்களிலும் வாங்கும் விருந்தினர் கட்டணம் வேறு, அது இன்னும் இருக்கிறது. யாராவது "சிட்டி டாக்ஸ், ரொக்கமாக மட்டும்" என்று கேட்டால் எந்த விதிப்படி என்று கேளுங்கள், அச்சடித்த ரசீது கேளுங்கள். ரசீது தரமாட்டேன் என்றால் பணமும் கிடையாது.

ஹோட்டலைவிட வீட்டு வாடகையில், அதாவது "ஃபெரியன்வோனுங்" என்ற விடுமுறை வீடுகளில்தான் தொகை ஏறும். கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு, துண்டு, முன்வைப்புத் தொகை எல்லாம் தனித்தனி. சுத்தக் கட்டணம் ஒரு இரவானாலும் ஏழு இரவானாலும் ஒன்றுதான், ஆகவே ஒரு இரவுக்கு வீடு எடுப்பது பெரும்பாலும் கட்டாது. "பென்ஷன்" என்று பெயர் போட்ட பழைய பாணிச் சின்ன விடுதிகளில் இரட்டை ரூமின் விலையை ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். இரண்டால் பெருக்காமல் படித்துவிட்டு, போன பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. குழந்தையைச் சொல்லாமல் இரண்டு பேருக்கு மட்டும் ரூம் போட்டு, வாசலில் நான்கு பேராகப் போய் நிற்பதும் வேண்டாம். கூடுதல் கட்டில் போட இடமே இருக்காது, இன்னொரு ரூமுக்கு அன்றைய விலை கொடுக்க வேண்டி வரும்.

அன்றைய விலை எப்போது கொடுமை என்றால், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகொஸ்தே வார இறுதியில். 1881-லிருந்து நடக்கும் மைஸ்டர்ட்ருங்க் நாடக விழா அப்போதுதான். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் நகர விழாவும், டிசம்பர் 23 வரை நடக்கும் ரைட்டர்லஸ்மார்க்ட் கிறிஸ்துமஸ் சந்தையும் அப்படியே. போலித் தளங்களின் கடிகாரமும் இந்த நாள்களில்தான் வேகமாக ஓடும்.

இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பிவிடலாம் என்ற ஐரோப்பிய உரிமையை நம்பி ஹோட்டல் போடாதீர்கள். குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கு அது பொருந்தாது. ஆனால் இலவச ரத்து இல்லாத முன்பதிவிலும் முழுத் தொகை கேட்பதை எதிர்த்துப் பேசலாம். நீங்கள் வராததால் மிச்சமான செலவை ஹோட்டல் கழிக்க வேண்டும் என்பது ஜெர்மானியச் சட்டம். ரூம் மட்டும் என்றால் 90 சதவீதம், காலை உணவோடு என்றால் 80 சதவீதம் கேட்பது அங்கே வழக்கம். அந்த ரூமை அவர்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அந்த வருமானத்தையும் கழிக்க வேண்டும். இதை மரியாதையாக எழுதிக் கேட்டால் இறங்கி வருபவர்கள் உண்டு. விசா கையில் வரும்வரை, ரத்து இலவசம் என்ற விலையை மட்டும் எடுங்கள், சில யூரோ கூடினாலும் பரவாயில்லை. "விசாவுக்கு டம்மி புக்கிங்" தரும் ஏஜென்ட்டுகளிடம் போகவே வேண்டாம். தூதரகம் ஹோட்டலைக் கேட்டுப் பார்த்தால், பொய் ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் ஒட்டும்.

ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டைக் காட்டி, பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மானியக் குடிமக்களுக்கு அது தேவையில்லை, வெளிநாட்டவருக்கு இன்னும் உண்டு. காட்டினால் போதும், பாஸ்போர்ட்டை அடகுபோல வைத்துக்கொள்ள விடாதீர்கள். கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலை உங்கள் வங்கியின் விலையைவிட மோசமாக இருக்கும். உள்ளூர் ஜெர்மன் கார்டு மட்டும் வாங்கும் சின்ன இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஒரு இரவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும்.

போலி இணைப்பில் கார்டு எண் கொடுத்துவிட்டால் முதல் வேலை வங்கி ஆப்பில் கார்டை முடக்குவது. அடுத்தது வங்கிக்குப் போன். இந்தியக் கார்டு என்றால் ஓடிபியை நீங்களே போட்டிருப்பதால், புகார் செய்யும் நிமிடம் வரை போன பணம் உங்கள் தலையில், அதற்குப் பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கி விதி. அதனால் ஹோட்டலோடு வாதாடிவிட்டு மறுநாள் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. இந்தியாவில் இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண், ஜெர்மனியில் இருந்தால் போலீஸ் 110. செய்தி வந்த எண், இணைப்பின் முழு முகவரி, பணம் போன கம்பெனியின் பெயர், நேரம் நான்கையும் படமாக எடுத்த பிறகே அந்த சாட்டை அழியுங்கள். ஹோட்டலுக்கும் உடனே சொல்லுங்கள். அவர்களுடைய கணக்கு திருடர் கையில் இருப்பது பல நேரம் விருந்தினர் சொல்லித்தான் அவர்களுக்கே தெரிகிறது, அதே வாரம் வர இருக்கும் மற்றவர்களுக்கு அவர்கள் போன் செய்து சொல்ல முடியும்.