சிங்கிங் பவுல்: பித்தளையா, வெண்கலமா, கிரிஸ்டலா?

தியானத்துக்கு ஒரு சிங்கிங் பவுல் (தட்டினாலோ, குச்சியால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தாலோ நீண்டு ஒலிக்கும் கிண்ணம்) வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றிவிடும். 700 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 70,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, இரண்டுக்கும் கீழே ‘ஏழு உலோகங்களால் ஆன திபெத்தியக் கிண்ணம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் தனியாக உட்காருபவருக்குக் கையால் அடித்த வெண்கலக் கிண்ணம், 12 முதல் 15 செ.மீ. வாய் அகலம், அது போதும். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

மலிவாகக் கிடைப்பது மெஷினில் செய்த பித்தளைக் கிண்ணம். நான் முதலில் வாங்கியதும் அதுதான். ஆன்லைனில் படத்தைப் பார்த்து, உள்ளே தாமரையும் வெளியே ‘ஓம் மணி பத்மே ஹூம்’ எழுத்தும் இருந்ததில் மயங்கி 900 ரூபாய் கொடுத்தேன். தட்டினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம், ஏழெட்டு விநாடியில் அடங்கிவிடும். குச்சியால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தால் கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வளைக்கவும் கடையவும் சுலபம், விளக்குக்கும் குடத்துக்கும் அருமையான உலோகம். ஆனால் வெண்கலம் மாதிரி நின்று ஒலிக்காது. தியானத்தைத் தொடங்கவும் முடிக்கவும் ஒரு தட்டு தட்டினால் போதும் என்பவர்கள் இதை வாங்கலாம், தப்பில்லை. ஒலியோடு சேர்ந்து உட்கார நினைப்பவர்களுக்கு இது ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

வெண்கலம் வேறு ஜாதி. ஏறத்தாழ 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம், அதாவது தகரம். தகரம் இவ்வளவு அதிகமாகச் சேர்ந்தால் உலோகம் குளிர்ந்த நிலையில் கண்ணாடி போல உடையும், அதனால் செக்கச்செவேலென்று காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் மூன்று நான்கு பேர் மாறி மாறிச் சுத்தியலால் அடித்து, மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்துத்தான் கிண்ணத்தின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நேபாளத்தில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு இந்த உழைப்புதான் காரணம், அதற்குக் கொடுக்கிற பணம் நியாயமான பணம். இந்த உலோகம் நமக்கும் அந்நியம் இல்லை. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பழைய ஈமச்சின்னங்களிலும் இதே மாதிரி தகரம் மிகுந்த வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. பாத்திரக்கடையில் வெண்கலப் பானையை விரல் முட்டியால் தட்டி, கணீர் என்று கேட்டால்தான் வாங்குவேன் என்று நிற்கிற பாட்டிமார்களுக்கு சிங்கிங் பவுல் வாங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையால் அடித்ததில் இன்னொரு விசேஷம் இருக்கிறது, எனக்கு முக்கியமானது இதுதான். சுத்தியல் பட்ட கிண்ணம் துல்லியமான வட்டமாக இருக்காது, விளிம்பின் கனமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே சுருதி இரண்டாகப் பிரிந்து, உதாரணத்துக்கு 220 ஹெர்ட்ஸ் ஒன்றும் 222 ஹெர்ட்ஸ் ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும். இரண்டும் கலக்கும்போது விநாடிக்கு இரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கும். ‘வ்வ்வாங்... வ்வ்வாங்’ என்று அலையாக வருவது அதுதான். அந்த அலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அது கரைகிற இடம் வரைக்கும் காதை விட்டுப் பாருங்கள், மூச்சை எண்ணிக்கொண்டு உட்காருவதைவிட எனக்கு அது சுலபமாக இருக்கிறது. விலை, நான் பார்த்த வரையில், அரைக் கிலோ எடைக்குள் 2,000 முதல் 3,500 ரூபாய்.

அப்புறம் கிரிஸ்டல். வெள்ளையாக, வாளி அளவில், யோகா வகுப்புகளில் வரிசையாக வைத்திருப்பார்களே, அது. குவார்ட்ஸ் மணலை அச்சில் உருக்கிச் செய்வது. சிலிக்கான் படிகம் வளர்க்க செமிகண்டக்டர் தொழிலில் பயன்படும் மூசைகளுக்கு (உருக்கும் பாத்திரங்களுக்கு) இது நெருங்கிய உறவு. நேரான, தூய ஒலி, ரொம்ப நேரம் நிற்கும், கூடம் முழுக்க நிறையும். இருபது பேர் படுத்துக்கொண்டு கேட்கிற இடத்துக்கு மிகவும் பொருத்தம். பத்துக்குப் பத்து அறையில் தனியாக உட்காருபவருக்கு அது காதை அடைக்கும். கை தவறினால் கதை முடிந்தது, விலையும் பல ஆயிரம். பட்ஜெட் பார்த்து வாங்குபவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

விலையை ஏற்றுவதற்கென்றே சில வார்த்தைகள் இருக்கின்றன. ‘ஏழு உலோகம்’ என்றால் தங்கம், வெள்ளி, பாதரசம் எல்லாம் கலந்தது என்று சொல்வார்கள். ஆய்ந்து பார்த்த கிண்ணங்களில் இருப்பது பெரும்பாலும் செம்பும் தகரமும்தான், மற்றவை வெறும் துளி. ‘இதயச் சக்கரத்துக்கு எஃப் சுருதி’ என்பதையும் நம்பிக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் அடிச்சுருதியோடு அதைப்போல் ஏறக்குறைய 2.7 முதல் 3 மடங்கில் இன்னொன்று, அதற்கும் மேலே வேறு சில என்று சேர்ந்துதான் ஒலிக்கும், அத்தனையையும் ஓர் எழுத்தில் அடக்க முடியாது. நோயைத் தீர்க்கும் என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்தக் கடையை விட்டு எழுந்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது? காத்மாண்டு போகிறவர்கள் தமேல், பௌத்தா, பாட்டன் ஆகிய மூன்று இடங்களிலும் நிதானமாகச் சுற்றலாம். பல கடைகளில் எடை போட்டே விற்பார்கள். நேராக நிற்கும் சுவரும் தட்டையான அடியும் கொண்ட ‘தாடோபாட்டி’ வகையைக் கேளுங்கள், தேய்த்துப் பழக அதுதான் வசதி. தமிழ்நாட்டிலிருந்து கூர்க் போகிறவர்களுக்கு பைலகுப்பே வழியிலேயே இருக்கிறது, அந்தத் திபெத்தியக் குடியிருப்பின் பொற்கோயில் பக்கக் கடைகளில் நாலைந்தைத் தட்டிப் பார்த்து எடுக்கலாம். ஆன்லைன்தான் வழி என்றால் எடை, வாய் அகலம், அந்தக் குறிப்பிட்ட கிண்ணத்தின் ஒலிப்பதிவு மூன்றையும் கேளுங்கள். ‘இதே மாதிரிதான் இருக்கும்’ என்று வேறொன்றின் வீடியோவை அனுப்பினால் விட்டுவிடுங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று ஒலிக்காது.

கையில் வந்ததும் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வையுங்கள், விரலால் பிடிக்க வேண்டாம். துணி சுற்றிய குச்சியால் மெல்ல ஒரு தட்டு. சின்னக் கிண்ணமே அரை நிமிடம் ஒலிக்க வேண்டும். நடுவில் ‘ஜ்ஜ்’ என்று அதிர்ந்தால் எங்கேயோ கீறல் இருக்கிறது, விளிம்பில் நகத்தை ஓட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு குச்சியை விளிம்பின் வெளிப்பக்கம் அழுத்தி, அவசரப்படாமல் சுற்றுங்கள். கரகரத்தால் கிண்ணத்தைக் குறை சொல்வதற்கு முன் குச்சியை மாற்றிப் பாருங்கள். கூடவே வருகிற வெறும் மரக்குச்சி பல சமயம் சுமார்தான், தோல் சுற்றிய குச்சி ஒன்று சில நூறு ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும், என் இரண்டாவது கிண்ணம் அது வந்த பிறகுதான் சரியாகப் பேச ஆரம்பித்தது.