ஜூலைக் குளிரில் ஸ்னாப்பர் தேடி: படகுக்கு முழு மார்க், வாடகைத் தூண்டிலுக்கு முட்டை

மீன்பிடிப் படகுப் பயணத்துக்கு ஆளுக்கு 165 டாலர், வாடகைத் தூண்டிலுக்குத் தனியாக 20. ஜூலை மாதச் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வெஸ்ட்ஹேவன் படகுத்துறையில் ஆறு பேர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றோம். இங்கே ஜூலையில் சூரியன் எட்டிப் பார்க்கவே ஏழரை ஆகிவிடும், அதனால் கும்மிருட்டு, ஏழு டிகிரி. கோயம்புத்தூர்க்காரனான நான், தூத்துக்குடி நண்பன் ஒருவன், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், என் மச்சான், அவனோடு வேலை பார்க்கும் இரண்டு பேர். இதில் கடல் தெரிந்தவர் அண்ணன் மட்டும்தான். தனக்கும் தெரியும் என்று தூத்துக்குடிக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

படகின் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஓட்டிய ஸ்கிப்பர் மீது எனக்கு நல்ல மரியாதை, குறையெல்லாம் கரையில் உட்கார்ந்து புக்கிங் வாங்குகிறவர்கள் மேல்தான். ஆனால் குளிர்காலத்தில் காசைக் கட்டி ஹௌராக்கி வளைகுடாவுக்குள் போகலாமா என்று நம் ஆட்கள் பல பேர் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் பதிவு செய்தது ஜூன் கடைசி வாரம். முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது, வடகிழக்குக் காற்று 25 நாட் (மணிக்கு 46 கி.மீ.) வீசப்போகிறது, நாளைக்குக் கிடையாது என்று. மச்சானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, லீவு போட்டிருந்தான். எனக்கென்னவோ அந்த ஒரு போனிலேயே ஸ்கிப்பரைப் பிடித்துவிட்டது. குளிர்காலத்தில் இங்கே அதிகம் அடிப்பது தென்மேற்குக் காற்று. வளைகுடா ஊருக்குக் கிழக்கே இருப்பதால் அந்தக் காற்றை நிலம் ஓரளவு தடுத்துவிடும், தண்ணீர் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கு என்றால் தடுக்க எதுவும் இல்லை, அலை நேரே உள்ளே வந்துவிடும். 2022 மார்ச்சில் இந்த நாட்டின் வடகோடியில், நார்த் கேப்புக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து, பத்துப் பேரில் ஐந்து பேர் இறந்து போனார்கள். அதற்குப் பிறகும் "காசு கட்டியாச்சு, கிளப்புங்க" என்று சொல்கிறவர்களை என்ன செய்வது?

ஆனால் காசு விஷயம் வேறு. காற்றுக்காக அவர்களே ரத்து செய்தாலும் பணம் திரும்ப வராது, தேதி மட்டும் மாற்றித் தருவார்களாம். இது புக்கிங் பக்கத்தின் அடியில் கொசுவெழுத்தில் இருக்கிறது. ஆறு பேருக்கும் ஒத்துவருகிற இன்னொரு சனிக்கிழமையைக் கண்டுபிடிப்பதற்குள் ஸ்னாப்பரே பிடித்துவிடலாம் போல ஆகிவிட்டது. இன்னொன்று, அவர்கள் பக்கத்தில் போட்டிருக்கும் படங்கள் எல்லாம் கோடையில் எடுத்தவை, அரைக்கால் சட்டையும் வெயிலும் ஆளுக்கு இரண்டு கையிலும் மீனுமாக. ஜூலைக்குப் பணம் வாங்கும்போது ஜூலையின் படம் ஒன்றாவது வேண்டாமா?

சரி, பயணத்துக்கு வருவோம். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, ஆள் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து நிமிடம் ஒப்புக்குச் சொல்லாமல் உண்மையாகவே விளக்கினார் ஸ்கிப்பர். அது முடிந்ததும், "வாழைப்பழம் யாராவது கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். படகில் வாழைப்பழம் ஆகாது, மீன் வராது என்பது இங்கே மீன்பிடிக்காரர்கள் பலருக்கும் உள்ள நம்பிக்கை. பழம் இல்லை. ஆனால் மச்சான் பையில் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் இருந்தது. அது கணக்கில் வருமா வராதா என்று எங்களுக்குள் தமிழில் ஒரு பெரிய விவாதம் நடந்து, கடைசியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவானது.

ரங்கிடோடோவைத் தாண்டும்போது விடிந்தது. சுமார் 600 வருடத்துக்கு முன்னால் வெடித்துக் கிளம்பிய எரிமலைத்தீவு அது, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே வடிவம், அதன் தோளுக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் வந்தபோது யாரும் பேசவில்லை. பேசாததற்குக் குளிரும் காரணம். கேபினுக்குள் நான்கு பேர்தான் உட்கார முடியும், ஆறு பேருக்கு விற்கிறார்கள், இரண்டு பேர் முறை வைத்து வெளியே காற்றில் நிற்க வேண்டும். இதையும் முன்கூட்டியே சொல்லலாம்.

திரித்திரி மாதங்கித் தீவைத் தாண்டி, 40 மீட்டர் ஆழம் இருக்கும் இடத்தில் எஞ்சினை அணைத்தார். படகு ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. நின்று ஆட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் தூத்துக்குடிக்காரன் ஓரத்துக்குப் போனான். "இது அலை இல்லை, டீசல் வாடை" என்றான். பத்து நிமிடம் கழித்து மறுபடி போனான். ஸ்கிப்பரின் உதவியாளர் பையன் இஞ்சி மிட்டாய் கொடுத்து, கேபினுக்குள் போகாதே, அடிவானத்தையே பார் என்று நிற்க வைத்தான். நல்ல பையன், கேலி செய்யவில்லை. கேலியை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

இப்போது ஸ்னாப்பரைப் பற்றி. மாவோரியில் தாமுரே. பெயர்தான் ஸ்னாப்பர், நம் ஊர் மீன்கடையில் ரெட் ஸ்னாப்பர் என்று விற்கிற மீனின் குடும்பம் வேறு, இது வேறு. ஜப்பானியர்கள் விசேஷத்துக்கு வைக்கும் 'தாய்' (tai) என்கிற மீனுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். கோடையில் முட்டையிட இந்த வளைகுடாவுக்குள் கூட்டமாக வரும், மேலே கன்னெட் பறவைகள் குத்திக் குத்திப் பாயும் இடத்தில் தூண்டிலைப் போட்டால் போதும் என்பார்கள். குளிர்காலத்தில் அந்தக் கூத்து எதுவும் இல்லை. தண்ணீர் 14, 15 டிகிரிக்கு இறங்கிவிடும், மீனுக்குப் பசி மந்தம், துரத்தி வந்து கவ்வாது. வாய்க்கு நேரே கொண்டு போய் வைத்தால் யோசித்துப் பார்த்துவிட்டுக் கடிக்கும். அதனால் இரையைச் சின்னதாக நறுக்கச் சொன்னார், கணவாய் ஒரு துண்டு, பில்ச்சர்ட் என்கிற மத்தி வகை மீன் அரைத் துண்டு, கீழே ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு தூண்டில் முள்.

அந்த முள்தான் எனக்கு வைத்த பரீட்சை. உள்பக்கமாக வளைந்த வட்ட முள். டக் டக்கென்று தெரிந்ததும் நான் வெடுக்கென்று இழுத்தேன், போயிற்று. இன்னொரு தடவை, அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை, பக்கத்தில் இருந்த அண்ணன், தன் தூண்டில் நரம்பில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "கொஞ்சம் விட்டுப் பிடியும் தம்பி, அது எங்கையும் போகாது." அதேதான். இந்த முள்ளில் வெட்டி இழுத்தால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். மீன் தானே இரையைக் கவ்விக்கொண்டு திரும்பிப் போகவேண்டும், அப்போது முள் உதட்டோரத்தில் உருண்டு மாட்டும், நாம் மெதுவாகச் சுற்றினால் போதும். விட்டுப் பிடித்தேன். கம்பு வளைந்தது, தலையை ஆட்டி ஆட்டி அது இழுத்த இழுப்பு தோள் வரைக்கும் வந்தது. மேலே வந்தபோது இளஞ்சிவப்பு உடம்பில் நீலப்புள்ளிகள், இந்தக் குளிரில் அப்படி ஒரு நிறத்தை எதிர்பார்க்கவே இல்லை. 41 செ.மீ. அந்த நாளின் பெரிய மீன் அண்ணனுக்குத்தான், 52.

வாடகைத் தூண்டிலைப் பற்றி இப்போது திட்டிவிடுகிறேன். 20 டாலருக்குத் தந்த நான்கு ரீல்களில் இரண்டில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக் பிடிக்கவே இல்லை, திருகத் திருக நரம்பு தானாக ஓடிக்கொண்டே இருந்தது. மச்சானுடைய நரம்பு முன்பே எங்கோ உரசி நைந்து கிடந்திருக்கிறது, நல்ல மீன் ஒன்று பாதி வழியில் அறுத்துக்கொண்டு போனது. விரல் மரத்துப்போய் முடிச்சுப் போட முடியவில்லை, பாவம் அந்தப் பையன்தான் ஆறு பேருக்கும் மாறி மாறிக் கட்டினான். அண்ணன் சொந்தத் தூண்டில் கொண்டு வந்திருந்தார். வித்தியாசம் முழுக்கத் திறமையால் இல்லை.

அளவு விஷயத்தில் ஸ்கிப்பர் கறார். இந்தப் பகுதியில் ஸ்னாப்பர் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழுதான். 29.5 வந்த மீனுக்காக மச்சான் கெஞ்சிப் பார்த்தான். கையை நனைத்துக்கொண்டு பிடி, மெதுவாக விடு என்று மட்டும் பதில் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட குட்டிகளை அப்படித் திருப்பி விட்டிருப்போம். ஆறு பேருக்கு 42 வரை கொண்டு வர அனுமதி, எங்கள் பெட்டியில் சேர்ந்தது 14. கூடவே மூன்று கர்னார்ட் மீன், சிவப்பு உடம்பும் இறக்கை மாதிரி துடுப்புமாக, மேலே தூக்கினால் கொர் கொர்ரென்று முனகும். ஏமாற்றமா என்றால், எனக்கு இல்லை. மச்சானைக் கேட்டால் சிப்ஸைத்தான் சொல்வான்.

மதியச் சாப்பாடு என்று விளம்பரத்தில் இருந்தது ஒரு ரொட்டித் துண்டுக்குள் ஒரு சாசேஜ். நாங்கள் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போயிருந்தோம், ஸ்கிப்பர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தேநீர் மட்டும் கேட்கக் கேட்கத் தந்தார்கள், அந்தக் குளிரில் அதற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்குக் கரை. மீனைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் தனிக்காசு, முள்ளில்லாமல் சதையை மட்டும் அறுத்துத் தருவார்கள். தலை வேண்டுமா என்று பையன் சந்தேகமாகக் கேட்டான். என்ன கேள்வி அது! தலையைத் தூக்கி எறிகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அப்படி வீணாகும் தலையையும் எலும்பையும் சேகரித்து வேண்டியவர்களுக்குக் கொடுக்க, தெற்கு ஆக்லாந்தின் மாங்கரேயில், மாவோரிகள் கூடும் மராய் ஒன்றில், 'காய் இகா' என்று ஒரு திட்டம் நடக்கிறது. தலையின் அருமை அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஒரு மீனின் சதை மட்டும் தண்ணீராகக் கொழகொழவென்று பால்வெள்ளையில் இருந்தது. 2022 வாக்கில் இந்த வளைகுடாவில் இப்படி நிறைய மீன்கள் வந்து பெரிய பேச்சானது, நீண்ட காலம் சரியான தீனி இல்லாமல் மெலிந்ததுதான் காரணம் என்று சோதித்துச் சொன்னார்கள். மற்ற பதின்மூன்றும் கெட்டியான சதை. பிடித்தவுடன் மூளையில் குத்திக் கொன்று, ஐஸும் கடல்தண்ணீரும் கலந்த பெட்டியில் அந்தப் பையன் போட்டு வைத்தது வீட்டில் வறுக்கும்போது தெரிந்தது. தலைகளை அண்ணன் கொண்டுபோய்த் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தார், அன்று ராத்திரியே எல்லாரையும் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரன் முதல் ஆளாக வந்தான்.

போகிறவர்களுக்கு: மீன் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் ஜூலையில் போகாதீர்கள். இங்கே மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம், அப்போது மீன் கொழுத்துப் பசியோடு இருக்கும், குளிரும் இந்த அளவுக்கு இல்லை. மூன்று அடுக்கு உடுப்பு, விரல் நுனி திறந்த கையுறை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாந்தி மாத்திரை. கடற்கரை ஊரில் பிறந்தவர்களுக்கும் மாத்திரை.

அதே ஸ்கிப்பரிடமே ஏப்ரலுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். வாடகைத் தூண்டில் என்ற கட்டத்தில் ஆறு பேரும் வேண்டாம் என்று போட்டிருக்கிறோம், சிப்ஸுக்கு மட்டும் கட்டம் எதுவும் இல்லை.