யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் பெட்ரோல் ஒழுகல்: சேலம் அம்மாபேட்டையில் ஒரு சின்ன பட்டறை

ராத்திரி வண்டியை நிறுத்தினால் காலையில் அடியில் ஈரம், வீடு முழுக்க பெட்ரோல் வாடை. முதலில் போன கடையில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அப்புறம்தான் இந்தப் பட்டறை. மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றவில்லை, பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு கொஞ்ச நேரம் பார்த்தார், சொட்டு நின்றதும் "டேங்க், டேப் நல்லா இருக்கு தம்பி, கார்புரேட்டர்தான் நிரம்பி வழியுது" என்றார். திறந்தால், கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடிலின் முனை தேய்ந்து, அதில் டேங்க் துருவும் சிக்கியிருக்கிறது. பிறகு எப்படி அடைக்கும்? நீடில், கேஸ்கட், விறைத்துப்போன ட்யூப் மாற்றி, ஃபில்டரும் போட்டார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிவிட்டேன், சொட்டுகூட இல்லை. சொன்ன நேரத்துக்கு மட்டும் வண்டி கிடைக்காது, டீ குடிக்கப் போனால் அண்ணனைப் பிடிக்க முடியாது.