ரிச்சி தெரு கன்ட்ரோலர் சர்வீஸ் கடை: ஸ்பீட்ரன் ஆடுபவர்களுக்காக ஒரு ரிவ்யூ

மார்ச் மாதம் செலஸ்ட் என்ற மலையேறும் கேமில் என் ஸ்பீட்ரன் ஒன்று, அதாவது கேமை முடிந்தவரை குறைந்த நேரத்தில் முடிக்கும் முயற்சி, கடைசிக் கட்டத்தில் கைநழுவிப் போனது. ஏழாவது சாப்டர், மலை உச்சிக்கு ஏறும் அந்த 3000 மீட்டர் பகுதி. 30-இல் தொடங்கி குறைந்துகொண்டே வரும் எண் போட்ட கொடிகள் இருக்குமே, அது. 12-ஆம் கொடி வரை என் பழைய நேரத்தைவிட 19 வினாடி முன்னால் இருந்தேன், பகுதி பகுதியாக நேரம் காட்டும் லைவ்ஸ்ப்ளிட்டில் வரிசையாகப் பச்சை (முந்தியிருக்கிறேன்), இரண்டு இடத்தில் தங்கம் (அந்தப் பகுதியில் என் சிறந்த நேரம்). நேராக வலப்பக்கம் டாஷ் (ஒரே பாய்ச்சல்) அடிக்கிறேன், நான் ஆட்டும் பாத்திரம் மேடலின் குறுக்கே கீழே பாய்கிறாள், முள். திரும்பவும் முள். ஒரே திரையில் நாலு முறை செத்து, முடிக்கும்போது ஸ்ப்ளிட் (பகுதி நேரம்) சிவப்பாகி, பின்தங்கிவிட்டேன்.

தப்பு விரலில் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிரவுசரிலேயே ஓடுகிற கன்ட்ரோலர் டெஸ்டர் ஒன்றைத் திறந்து பார்த்தால், யாரும் தொடாமல் மேஜையில் கிடக்கும் இடது ஸ்டிக் கீழ்ப்பக்கம் 0.3 காட்டுகிறது (சும்மா இருந்தால் 0, முழுக்கத் தள்ளினால் 1 காட்ட வேண்டும்). செலஸ்டில் டாஷுக்கு எட்டே திசைதான். ஸ்டிக் தானாகவே கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டிருந்தால், நேராகத் தள்ளியது குறுக்குத் திசையாகக் கணக்காகிவிடும். சாதாரணமாக ஆடுகிறவருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். நேரத்துக்காக ஆடுகிறவருக்கு மாதக்கணக்கில் விரலுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அதோடு போயிற்று. டி-பேடில் (திசை பட்டன்களில்) ஆடலாமே என்பார்கள், நன்றாக ஆடுகிற பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள், ஆனால் ஒன்றரை வருடமாக ஸ்டிக்கில் பழகிய கையை மாற்றுவது லேசில்லை.

கன்ட்ரோலரை வாங்கிய இடத்தில் கேட்டேன். வாரண்டி முடிந்துவிட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு அப்புறம்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு.

திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, தெருவுக்குள் போய் ஒரு சந்தில் திரும்பி மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவு இடம். 'கேம் ரிமோட் சர்வீஸ்' என்று கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள், அதுதான் அடையாளம்.

முதல் தடவை போனபோது கடை அண்ணன் இல்லை, உதவிக்கு இருந்த பையன்தான் வேலையை எடுத்துக்கொண்டான். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போடச் சொன்னேன். பழைய ஸ்டிக்குக்குள்ளே ஒரு சின்ன கார்பன் தடத்தின் மேல் உலோக முனை உரசிக்கொண்டே இருக்கும், அது தேயத் தேய, தொடாமலே ஸ்டிக் நகர்ந்ததாகக் காட்டும் டிரிஃப்ட் வரும். ஹால் எஃபெக்டில் காந்தத்தை சென்சார் படிக்கிறது, உரசல் இல்லாததால் அந்த மாதிரித் தேய்மானம் வராது. போட்டுக் கொடுத்தான், ஆனால் நடுப்புள்ளியைச் சரியாகச் செட் பண்ணவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் 0.12. அங்கேயே சோதித்துக் காட்டாமல் கையில் கொடுத்ததுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

இரண்டாவது தடவை அண்ணன் இருந்தார். தொண்ணூறுகளில் டிவி கேம் செட்டும் கேசட்டும் ரிப்பேர் பார்த்தவர். "சரியாத்தானே இருக்கு தம்பி, எதுக்கு இவ்ளோ நுணுக்கம்?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பழைய மாரியோவை வைத்தே சொன்னேன். அந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸை 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்ற ஆட்டக்காரர் 4 நிமிடம் 55 வினாடிக்குள் முடித்துவிட்டார், அதில் பெரும்பாலான லெவல்கள் முடிந்ததா என்பதை கேம் 21 ஃபிரேமுக்கு (திரையில் வினாடிக்கு சுமார் 60 முறை மாறும் படங்களில் ஒன்றுதான் ஒரு ஃபிரேம்) ஒரு முறைதான் பார்க்கும், அதாவது சுமார் 0.35 வினாடி, அதற்குள் நீங்கள் மிச்சம் பிடித்த இரண்டு மூன்று ஃபிரேம் காணாமல் போய்விடும் என்றேன். செலஸ்டில் அந்த மாதிரிக் கணக்கு இல்லை, வினாடிக்கு 60 ஃபிரேம், விட்டது விட்டதுதான். அவர் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "அப்ப உனக்கு சென்டர் மட்டும் போதாது, மூலையும் கரெக்டா வரணும்."

நான் இந்த ரிவ்யூ எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ஸ்டிக்கின் 14 கால்களிலும் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, தாமிரத் தடம் பிய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, வேறு ஒரு மாட்யூலைப் போட்டார். அதன் பக்கவாட்டில் எள்ளு அளவில் இரண்டு திருகுகள் இருக்கின்றன, ஒன்று இட வலத்துக்கு, இன்னொன்று மேல் கீழுக்கு. லேப்டாப்பில் டெஸ்டரைத் திறந்துவைத்து, நகம் அளவு திருப்புவார், ஸ்டிக்கைத் தட்டிவிட்டு எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பார், மறுபடியும் திருப்புவார். 0.01-க்குள் வந்த பிறகு எட்டுத் திசையிலும் முட்ட முட்டத் தள்ளச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு ஸ்டிக்குக்கும் சேர்த்து முதலில் கொடுத்த 1,400 ரூபாய்தான், இரண்டாவது வேலைக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

மூன்று மாதம் ஆகிறது, தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிறேன், நடுப்புள்ளி இன்னும் அங்கேயே நிற்கிறது. என் எனி பர்சென்ட் (எல்லாவற்றையும் சேகரிக்காமல் கேமை முடித்தால் மட்டும் போதும் என்ற பிரிவு) நேரம் 41 நிமிடத்திலிருந்து 38 நிமிடம் 50 வினாடிக்கு இறங்கியிருக்கிறது. மேலே இருப்பவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள், அதற்கு நான் போக வேண்டிய தூரம் நிறைய. ஆனால் இப்போது ரன்னை நிறுத்தி முதலிலிருந்து தொடங்க ரீசெட் அடிக்கும்போது எதனால் அடிக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது, அந்த நிம்மதி பெரியது.

குறைகளும் இருக்கின்றன. பில் தருவதில்லை, வாரண்டி வாய்வார்த்தைதான். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள், நான் வைத்துவிட்டு வரமாட்டேன். ஞாயிறு கடை இல்லை. பையன் மட்டும் இருந்தால் அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டு அப்புறம் போங்கள், அல்லது டெஸ்டரில் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, முக்கியம். டர்போ சர்க்யூட் போட்டுத் தரட்டுமா என்று அவர்களே கேட்பார்கள், பட்டனை அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து தட்டுகிற மாதிரி. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கேம்களின் லீடர்போர்டில் (ரன் நேரங்களின் தரவரிசைப் பட்டியலில்) டர்போவுக்குத் தடை உண்டு, தெரியாமல் போட்டுக்கொண்டு வந்தால் ரன்னை நிராகரித்துவிடுவார்கள். ஸ்டிக் மாற்றுவது வேறு, இது வேறு. எதை மாற்றினாலும் உங்கள் கேமின் விதிகளை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள்.

வாரநாளில் காலை 11 மணிக்குப் போவது நல்லது. கன்ட்ரோலரோடு உங்கள் யுஎஸ்பி கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் இருப்பது ஆட்டினால் கட்டாகிறது.