ராத்திரிக்கு இட்லியா சப்பாத்தியா கேழ்வரகு கஞ்சியா? வீட்டுப் பெரியவங்களுக்கு எது ஒத்துவரும்

அறுபது தாண்டினவங்களுக்கு சுகர்னு ரிப்போர்ட் வந்தா போதும், மறுநாள்ல இருந்து ராத்திரிக்கு சப்பாத்திதான்னு வீட்ல சட்டம் போட்டுடறாங்க. கோதுமைல நார்ச்சத்தும் புரோட்டீனும் அரிசிய விட கூடத்தான், ஆனா மாவுச்சத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, நாலு சப்பாத்திய உள்ள தள்ளிட்டு "சோறே தொடல டாக்டர்"னா சுகர் எப்படி குறையும்? பல்செட் போட்டவங்க பாடு இன்னும் மோசம், ஆறிப்போன சப்பாத்திய மெல்ல முடியாம பாதிய தட்டுலயே வச்சிட்டு பத்து மணிக்கு பசிக்குதுன்னு ரஸ்க்க டீல முக்கி சாப்பிடுவாங்க. மைதாவும் சர்க்கரையும் இப்படி பின்வாசல் வழியா வந்துடும்.

இட்லி மெல்லவும் ஈஸி, செரிக்கவும் ஈஸி. சுகர சீக்கிரம் ஏத்தும்ங்கறது உண்மைதான், அதனால தொட்டுக்கறது என்னன்னு பாக்கணும். பொடியும் எண்ணெயும்னா வேஸ்ட். நம்ம ஊர் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன், 60 கிலோ ஆளுக்கு தினம் 50 கிராம் வேணும், ஒரு இட்லில 2 கிராம் இருந்தா பெருசு. அதனால என் ஓட்டு ரெண்டு மூணு இட்லி, பருப்பு நிறைய போட்ட கெட்டி சாம்பார் ஒரு கிண்ணம், சாப்பிடறவங்கன்னா அவிச்ச முட்டை ஒண்ணு (அதுலயே 6 கிராம் கிடைச்சிடும்).

கேழ்வரகுல கால்சியம் அள்ளிக் கொட்டுதுன்னு எல்லாரும் சொல்வாங்க, பொய் இல்ல, 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. ஆனா ஒரு டம்ளர் கஞ்சிக்கு நாம கரைக்கறது 20 கிராம் மாவு, கணக்கு போட்டா 70 சொச்சம்தான், ஒரு டம்ளர் பால்ல அதுக்கு மூணு மடங்கு வந்துடும். அதுவும் நைசா அரைச்ச மாவுல கஞ்சி காய்ச்சினா சுகர் சட்டுனு ஏறும், பல்லு இருந்தா முருங்கைக்கீரை போட்டு அடையா தட்டிக் குடுங்க.

ஓட்ஸ் பரவால்ல, மசாலா பாக்கெட் மட்டும் வேணாம், உப்பு ஜாஸ்தி.

உப்புன்னதும்தான், மேல சொன்ன எத குடுத்தாலும் பக்கத்துல ஊறுகா, அப்பளம், மோர்மிளகா இருந்தா பிபி இறங்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது மொத்தமே ஒரு டீஸ்பூன். இந்துப்புக்கு மாறிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, அதுவும் சோடியம் குளோரைடுதான். சோடியம் கம்மின்னு விக்கற உப்புல பொட்டாசியம் இருக்கும், கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கும் சில பிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் அது ஆபத்து, வாங்கறதுக்கு முன்னாடி மாத்திரை சீட்ட காட்டி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.