நமாக்குவாலாந்து மலர்ச் சுற்றுலா: பூவுக்கு ஐந்து, வேனுக்கு இரண்டு

கேப் டவுனிலிருந்து வேனில் கூட்டிப்போகும் மூன்று நாள் மலர்ச் சுற்றுலாவுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன், அந்த இரண்டும்கூட ஓட்டுநருக்கு.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் நமாக்குவாலாந்து ஒரு வறண்ட பூமி. குளிர்காலத்தில் கொஞ்சம் மழை பெய்யும், அவ்வளவுதான். அந்த மழை சரியாக விழுந்த வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில், அதாவது அவர்களுடைய வசந்தத்தில், காய்ந்த தரையெல்லாம் ஆரஞ்சு நிற டெய்சிப் பூக்கள்.

இரண்டாம் நாள் ஆறு மணிக்கே எழுப்பி, கமீஸ்க்ரூன் ஊரிலிருந்து மண் சாலையில் குலுக்கி எடுத்து, நமாக்குவா தேசியப் பூங்காவின் ஸ்கில்பாட் பகுதியில் எட்டு மணிக்கு இறக்கிவிட்டார்கள். ஒரு பூகூட விரியவில்லை. மடக்கி வைத்த குடை மாதிரி எல்லாம் சுருண்டு நிற்கின்றன. வெயில் ஏறிச் சூடு வந்தால்தான் இவை விரியும், அதற்குப் பத்தரை ஆகிவிடும். சாயங்காலம் நாலு மணிவாக்கில் மூடிக்கொள்ளும். மேகம் போட்டால் அன்றைக்கு லீவு. விடுதியில் காப்பி ஊற்றிய அம்மாவுக்கே தெரிந்த விஷயம், பூவைக் காட்டக் காசு வாங்குகிறவர்களுக்குத் தெரியாதா? பதினோரு மணிக்கு, கண்ணெதிரே வயல் முழுக்க நிறம் மாறிக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறோம், கிளம்புங்கள் என்றார் வழிகாட்டி. அப்போதுதான் ஓட்டுநர் டயரைப் பார்க்கக் குனிந்தார், முக்கால் மணி நேரம் நிமிரவே இல்லை. நல்ல மனுஷன்.

அந்த முக்கால் மணி நேரத்தில் பார்த்ததுதான் மிச்சம். ஒரு பூவின் இதழில் ஈ உட்கார்ந்திருக்கிறதே என்று ஊதினேன், பறக்கவில்லை. விரலால் தட்டினேன், அசையவில்லை. கிட்டத்தில் குனிந்தால் அது ஈயே இல்லை, இதழிலேயே வந்த கறுப்புப் புடைப்பு, நடுவில் வெள்ளைப் புள்ளி வேறு மினுங்குகிறது. கோர்ட்டீரியா என்கிற வகையாம். ஆண் ஈ பெட்டை என்று நம்பி வந்து புரளும், மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும். என்னையே ஏமாற்றிவிட்டது, ஈ எம்மாத்திரம்.

அப்புறம், அந்த ஆரஞ்சுக் கம்பளம் விரிவது பழைய கோதுமை வயல்களில். உழுதுவிட்ட மண் இந்தப் பூவுக்குப் பிடிக்கும்.

என் யோசனை, காரை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுங்கள், என்7 நெடுஞ்சாலை நல்ல தார் ரோடு. முதலில் ஸ்பிரிங்பாக் வரை போய், பக்கத்திலுள்ள கோகப் இயற்கைக் காப்பகத்தையும் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பி வாருங்கள். அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும், பூவும் அதைப் பார்த்துத்தான் நிற்கும், வடக்கு நோக்கிப் போனால் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

புகார் எழுதினேன். அடுத்த வருடத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள், எழுப்பும் நேரம் அதே காலை ஆறு.