யமஹா என்எஸ்-10எம்: ஸ்பீக்கர் திரும்ப வேண்டாம், கோன் வந்தால் போதும்

என் மேசையின் இரண்டு முனையிலும் படுக்கைவாக்கில் கிடக்கும் யமஹா என்எஸ்-10எம் ஸ்டூடியோ ஜோடியை இனிமேல் வெள்ளைக் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பு) ஸ்பீக்கர் என்று சொல்வது கஷ்டம். ஜன்னல் பக்கம் இருப்பது பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. மற்றது கொஞ்சம் தேவலை. ஒரு ஸ்டூடியோவை மூடும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. பதினாறு வருடமாக எல்லா மிக்ஸையும், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் வேலையை, இவற்றில்தான் முடிக்கிறேன். யமஹா நிறுத்திவிட்ட இந்த ஸ்பீக்கரை மறுபடி கொண்டுவர வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம், உதிரிக் கோன் வந்தால் போதும் என்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டை ரசித்துக் கேட்க இவற்றை வாங்காதீர்கள். முதல் நாள் கேட்க வந்த நண்பன் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னடா, போன்ல பாட்டு கேக்கற மாதிரி இருக்கு?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஒன்றரை, இரண்டு கிலோஹெர்ட்ஸ் பக்கம் இந்த ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 டெசிபல் தூக்கிக் கொடுக்கும். பாடகரின் குரலும் கிட்டாரின் கடியும் அங்கேதான் இருக்கின்றன. கீழே பேஸ் சீக்கிரமே மெலிந்துவிடும். 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக விற்பனைக்கு வந்தபோது பெரிய வரவேற்பு இல்லாததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்தத் தூக்கல்தான் எனக்குச் சோறு போடுகிறது. குரல் ஒரே ஒரு டெசிபல் கூடினாலும் இதில் துருத்திக்கொண்டு நிற்கும், குறைந்தால் காணாமல் போகும். நல்ல ஸ்பீக்கர்கள் நாசூக்காக மன்னித்துவிடும் தப்புகளை இது மன்னிக்காது. இன்னொரு விஷயம், பெட்டி முழுக்க மூடியது, போர்ட் (காற்று போய்வரும் துளை) கிடையாது. போர்ட் வைத்த பெட்டி பேஸைக் கூட்டிக் காட்டும், ஆனால் கிக் டிரம் அடித்து முடித்த பிறகும் கொஞ்சம் இழுக்கும். போர்ட் கைகொடுக்கும் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் சடாரென்று விழுந்தும் விடும். மூடிய பெட்டியில் இறக்கம் அதில் பாதிதான், 12 டெசிபல். பேஸ் குறைவாகக் கேட்டாலும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது தெளிவாக இருக்கும். மிகத் தாழ்ந்த பேஸை நான் காதால் கேட்பதில்லை, கண்ணால் பார்க்கிறேன். மேசை விளக்கைக் கோன் மேல் திருப்பி வைத்தால் போதும், எதுவும் கேட்காமலே கோன் முன்னும் பின்னும் ஊசலாடினால் 30 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ குப்பை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்புக் கோனில் இந்த வசதி இல்லை.

வீட்டில் எடுபடாத ஸ்பீக்கர் ஸ்டூடியோக்காரர்கள் கையில் புது வாழ்வு பெற்றது. ஊர் ஊராகப் போய் வேலை செய்த மிக்ஸிங் இஞ்சினியர்களுக்கு எங்கே போனாலும் ஒரே மாதிரி பேசுகிற, கையில் தூக்கிப் போகக்கூடிய ஜோடி ஒன்று தேவைப்பட்டது. அவர்களில் ஒருவரான பாப் கிளியர்மவுண்டன் ட்வீட்டரின் (உச்ச ஒலிக்கான சின்ன யூனிட்) கீச்சை அடக்க டிஷ்யூ பேப்பர் ஒட்டியது பெரிய கதையாகி, எந்தப் பேப்பர், எத்தனை அடுக்கு என்று அளந்து பார்த்தவர்கள்கூட உண்டு. யமஹாவும் புரிந்துகொண்டு 1987-இல் ட்வீட்டரைச் சற்றே சாந்தப்படுத்தி ஸ்டூடியோ பதிப்பை வெளியிட்டது. படுக்கவைத்துப் பயன்படுத்துவார்கள் என்பதால் பெயரைக்கூட அதற்கேற்ப திருப்பி அச்சிட்டார்கள். 2008-இல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஏழு வருடம் முன்பே, 2001-இல், தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதற்கு யமஹா சொன்ன காரணம், கோனுக்கான மரக்கூழ் இனிமேல் கிடைக்காது என்பது. கேட்கிறவர்களுக்கு இது சாக்கு மாதிரி தோன்றும். காகிதம் கிடைக்காமலா போய்விடும்? பழைய கோன் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். மற்ற காகிதக் கோன்களைப் போலக் கூழை அச்சில் அழுத்திச் செய்ததில்லை இது. தட்டையான தாளை வெட்டி, சுருட்டி, முனைகளை ஒட்டிக் கூம்பாக்கியது. நகத்தால் வருடினால் ஒட்டிய இடத்தில் மேடு தட்டுப்படும். நாரின் நீளம் மாறினாலும், தாளின் தடிமன் மாறினாலும், கோனின் விறைப்பு மாறும், அந்த 5 டெசிபல் மேடும் வேறெங்கோ நகரும். அப்புறம் அது என்எஸ்-10 இல்லை.

ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. ரசனை மாறியதால் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உள்ளே போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு பாகம் வருவது நின்றிருக்கும். 1978-இல் சயீரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. ஸ்பீக்கர்களில் அதை நம்பியிருந்த அல்நிகோ காந்தங்களைக் கைவிட்டு ஃபெரைட் காந்தங்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. பிபிசி வடிவமைத்த குட்டி மானிட்டர் (வேலைக்கான ஸ்பீக்கர்) எல்எஸ்3/5ஏ இன்னும் நல்ல உதாரணம். சுமார் 5 லிட்டர் பெட்டி, ஒலிபரப்பு வேன்களுக்குள் வைப்பதற்காகச் செய்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பலர் உரிமம் வாங்கித் தயாரித்தாலும் உள்ளே இருந்த பி110 வூஃபரும் (கீழ் ஒலிக்கான பெரிய யூனிட்) டி27 ட்வீட்டரும் கேஈஎஃப் என்ற நிறுவனம் செய்து கொடுத்தவை. தயாரிப்பில் இருக்கும்போதே இந்த யூனிட்டுகளின் குணம் நகர்ந்து, 1980-களின் பிற்பகுதியில் கிராஸ்ஓவரை (ஒலியை யூனிட்டுகளுக்குப் பிரித்து அனுப்பும் சுற்று) மாற்றி, 15 ஓம் ஸ்பீக்கரை 11 ஓம் ஆக்க வேண்டி வந்தது. கேஈஎஃப் யூனிட்டுகளை நிறுத்தியதும் எல்லோருடைய கடையும் ஒன்றாக மூடியது.

அது திரும்பி வந்த விதம் எனக்குப் பிடிக்கும். கேஈஎஃபில் அந்த யூனிட்டுகளை வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் பின்னால் நடத்திய ஃபால்கன் அகோஸ்டிக்ஸ் நிறுவனம், பி110-யும் டி27-யும் மறுபடி செய்துகொண்டு 2014-இல் எல்எஸ்3/5ஏ-வைக் கொண்டுவந்தது. முதலில் பாகம், அப்புறம் பெட்டி.

ஜேபிஎல் நிறுவனத்தின் எல்100 ஸ்பீக்கர் திரும்பி வந்தது வேறு வழி. 1970-இல் வந்த மூல எல்100 செஞ்சுரியில் வூஃபருக்கு ஃபில்டரே கிடையாது, நடு ஒலி யூனிட்டுக்கும் ட்வீட்டருக்கும் கெப்பாசிட்டர் மட்டும், ட்வீட்டர் காகிதக் கோன். 2018-இல் வந்த எல்100 கிளாசிக்கில் டைட்டானியம் டோம் ட்வீட்டர், முறையான கிராஸ்ஓவர். சதுரம் சதுரமாகப் புடைத்த ஃபோம் முகமும் அந்த ஆரஞ்சு நிறமும் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் கேட்டிருக்கிறேன், புதியதுதான் ஒழுங்கான ஸ்பீக்கர். தாத்தாவின் சட்டையைப் போட்ட பேரன். வாங்குகிறவர் அதைத் தெரிந்து வாங்கினால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

என்எஸ்-10-க்கு அந்த மாதிரி மறுபிறவி வேண்டாம் என்கிறேன். அழகுபடுத்தினால் பயன் போய்விடும், தப்பைத் திருத்தினால் எதற்காக வைத்திருக்கிறோமோ அதுவும் சேர்ந்து போய்விடும். எங்களுக்கு வேண்டியது உதிரி பாகம். அனுபவித்துச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஆம்ப்ளிஃபயரை அணைக்காமலே கேபிளைப் பிடுங்கினேன், முழுக்க என் புத்திகெட்ட வேலை. 'பட்' என்று ஒரு சத்தம், வார்னிஷ் கருகிய வாசனை, இடப்பக்க ட்வீட்டர் போச்சு. இணையத்தில் ஒருவரிடம் "அதேதான், ஒரிஜினல்" என்ற ட்வீட்டரை வாங்கி மாட்டினேன். ஒரு மாதம் நான் முடித்த மிக்ஸ் எல்லாவற்றிலும் ஹை-ஹேட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டியபோதுதான் உறைத்தது: நடுவில் நிற்க வேண்டிய இரைச்சல் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் வூஃபர் செத்த இன்னொரு பெட்டியை வாங்கி, அதன் ட்வீட்டரை எடுத்து இதில் வைத்தேன். நல்ல பெட்டிகளைக் கொன்று மற்ற பெட்டிகளைப் பிழைக்க வைக்கிறோம், எத்தனை நாளைக்கு?

இப்போது அவன்டோன் நிறுவனம் மாற்று வூஃபரும் ட்வீட்டரும் தருகிறது, சிஎல்ஏ-10 என்று முழு ஸ்பீக்கரும் விற்கிறது. யமஹாவே எச்எஸ் வரிசையில் வெள்ளைக் கோன் போட்டு, போர்ட் வைத்து, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் பொருத்தியிருக்கிறது. நல்ல மானிட்டர்கள்தான், ஆனால் வேறு பிராணி. யமஹா தன் பெயரில் ஜோடி பொருத்திய கோன்களை ஒரே ஒரு தடவை செய்து விட்டால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

பழைய ஜோடி வாங்கப் போகிறவர்கள் ஒரு மோனோ பிங்க் நாய்ஸ் கோப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டுக்கும் நட்டநடுவில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். இரைச்சல் மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். கோன் மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை. ஒன்று மஞ்சள், ஒன்று பளீர் வெள்ளை என்றால், எது எப்போது மாற்றியது என்று விற்பவரைக் கேளுங்கள். அவர் "ரெண்டும் ஒரிஜினல்தான் சார்" என்றால் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து வூஃபரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.